நகல் எடுக்காத மத்தியானம்

ஆபீசில் அவனுக்குத் 'துடைப்பம்' என்று பேர். யாரும் முதுகுக்குப் பின்னால் சொல்வதில்லை. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவனும் திரும்பிப் பார்ப்பான். மேஜையில் ஒரு காகிதம் கூடுதலாகக் கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. கம்ப்யூட்டரில் பழைய கோப்பு ஒன்று சும்மா கிடந்தால் இருப்புக் கொள்ளாது. அதை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்த பிறகுதான் நாற்காலியில் சாய்வான். சுத்தம் நல்லதுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு என்று அவன் மண்டையில் உறைக்கும்படி யாராவது சொல்லியிருக்க வேண்டும். அவன் மனைவி சொல்லித்தான் பார்த்தாள். காதில் போட்டுக்கொண்டால்தானே!

காத்திருக்கும் கூடங்களில் 'நாற்பத்தேழு, மூன்றாம் அறைக்கு வரவும்' என்று எண் கூப்பிடுமே, அந்த மென்பொருள்தான் அவன் வேலை. அதை முதலில் எழுதியவர்கள் எங்கோ இருக்கும் முகம் தெரியாத நாலைந்து பேர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருந்தார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால், இவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆபீஸ் அதை அப்படியே நகல் எடுத்துத் தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ள ஆரம்பித்தது. மூலம் அங்கே ஒரு வழியில் போனது. இந்தக் கிளை இங்கே வேறு வழியில் வளர்ந்தது. வளர்த்தவன் இவன்.

ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது என்ன செய்தோம் என்று ஒரு வரி குறிப்பு எழுத வேண்டும். அந்தத் தொழிலில் இப்படிச் சேமிப்பதற்குக் கமிட் என்று பெயர். மற்றவர்கள் 'பிழை திருத்தம்' என்று இரண்டு வார்த்தை தட்டிவிட்டு எழுந்துபோவார்கள். இவன் பிழையை எழுதி, அதற்குப் பக்கத்திலேயே வீட்டையும் எழுதுவான். 'எண் இரண்டு தடவை ஒலிப்பது சரிசெய்யப்பட்டது. டெஸ்டரம்மா இன்று என்னிடம் முதன்முதலாகப் பேசினார்.' 'பலகை எழுத்து பெரிதாக்கப்பட்டது. டெஸ்டரம்மா சரி என்று சொல்லிவிட்டார்.' 'அச்சுக் கோளாறு தீர்ந்தது. பாப்பா பிறந்தாள்.' டைரி என்று தனியாக அவன் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. மேஜையில் இன்னொரு நோட்டு எதற்கு? ஒன்பது வருட வாழ்க்கை ஆயிரத்துச் சொச்சம் கமிட்டுகளில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவற்றைப் படிக்கிற ஒரே ஆள், அதே ஆபீசில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர். அதாவது, அவன் மனைவி.

இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். பெரியவள் பாப்பாவுக்கு ஆறு வயது. சின்னவன் குட்டிப்பயலுக்கு எட்டு மாதம். அவன் குப்புற விழுந்தான், தவழ்ந்தான், கட்டிலைப் பிடித்து நின்றான் என்று எதற்கெடுத்தாலும் அவள் ஆபீசுக்குப் போன் போடுவாள். இவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பத்து விரலாலும் தட்டிக்கொண்டே 'ம்... ம்...' என்பான். அவளும் பாவம், அந்த 'ம்'மையே பெரிய பதிலாக எடுத்துக்கொண்டு பேசி முடிப்பாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் அவள் குட்டிப்பயலை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே ஜன்னலடியில் பாப்பா, அம்மாவின் பழைய லேப்டாப்பில் படம் வரைந்துகொண்டிருந்தாள். போன வாரம்தான் அவளுக்குக் கீழ்வரிசை முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அந்தச் சந்தில் நாக்கை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எல்லாத்தையும் அழிக்கப் போறீங்களாமே?" என்றாள் மனைவி.

"மேனேஜர் சொல்லிட்டாரு. மூலத்துல எவ்வளவோ மாறிடுச்சு, நம்மளோடது அதோட ஒட்டவே மாட்டேங்குது. நாம மாத்தினது எதுவும் வேணாம், மூலம் எப்படி இருக்கோ அப்படியே கொண்டுவந்து வைன்னுட்டாரு."

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சிடுங்க."

"எதுக்கு? ஒன்பது வருஷக் குப்பை."

"குப்பையா? நம்ம கதையே அதுலதாங்க இருக்கு."

"கதை நமக்குத் தெரியாதா என்ன? எல்லாம் மனசுல இருக்கு."

"உங்க மனசுல! காலையில சொன்னது சாயங்காலம் இருக்காது. போங்க, போங்க."

அவன் சிரித்துக்கொண்டே படியிறங்கினான். குட்டிப்பயலும் பின்னாலிருந்து கெக்கெக்கே என்று சிரித்தான். எதற்கென்று திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மத்தியானம் மூன்று மணிக்கு வேலையை ஆரம்பித்தான். மற்றவனாக இருந்தால் தன் கம்ப்யூட்டரில் இருக்கிற கிளையை மூலத்தின் நிலைக்குத் திருப்பியிருப்பான். அழிந்தவற்றின் தடம் சில வாரங்களுக்காவது உள்ளே எங்கேயாவது கிடந்திருக்கும். இவன் துடைப்பம் அல்லவா? பழைய கோப்புறையை முழுதாக அழித்தான். குப்பைத்தொட்டியைக் காலி செய்தான். மூலத்தைப் புதிதாக இறக்கி, அதைக் கிளையின்மேல் வலுக்கட்டாயமாக ஏற்றினான். அதோடும் விட்டானா? சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லி அங்கே தேங்கிக் கிடந்ததையும் துடைக்கச் சொன்னான். ஆயிரத்துச் சொச்சம் கமிட்டுகள் இருந்த இடத்தில், மூலத்துக்கும் கிளைக்கும் வித்தியாசம் பூஜ்யம் என்று திரை காட்டியது. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

பிறகு குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினான். 'எல்லோரும் உங்களிடம் உள்ள பழைய நகலை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளவும். பழையதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் ஏற்ற வேண்டாம்.' ஒரே ஆள் பழைய நகலிலிருந்து தெரியாமல் ஏற்றிவிட்டால் போதும், அழித்ததெல்லாம் திரும்பி வந்து நிற்கும். அந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்து வாங்கிக் கட்டிக்கொண்ட தப்பு அது.

எல்லோருக்கும் முன்னால் மனைவியின் பதில் வந்தது. 'முடிச்சாச்சு.'

அவன் பேனாவை எடுக்கக் கை நீட்டினான். மேஜையிலிருந்த போட்டோ கண்ணில் பட்டது. சட்டம் அவனுடையதுதான், ஓரத்தில் அதே கீறல். உள்ளே இருந்தது அவன் குடும்பம் இல்லை. தெரியாத ஓர் ஆணும் பெண்ணும் இரண்டு பிள்ளைகளோடு பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடையில் சட்டம் வாங்கும்போது உள்ளே செருகியிருக்குமே, அந்த மாதிரிப் படம்.

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தான். தடிமனான கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்குச் சோடாபுட்டி என்று பேர். ஒன்பது வருடமாகத் தோளோடு தோள் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்ட மனுஷன்.

"படத்தை எடுத்தது நீங்கதானே? குடுத்துடுங்க."

சோடாபுட்டி அப்போதுதான் புது நகலை எடுத்து முடித்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். திரும்பி இவனைப் பார்த்தார். அந்தப் பார்வை மரியாதையாக இருந்தது. அதுதான் அவனுக்கு உதைத்தது. சோடாபுட்டி அவனை மரியாதையாகப் பார்த்ததே கிடையாது.

"என்ன படம் தம்பி? உங்கள அங்க இங்கன்னு பாத்திருக்கேன், பேசினதில்ல. எத்தனை வருஷமா இருக்கீங்க இங்க?"

"விளையாடாதீங்க. என் பேரே நீங்க வச்சதுதானே, துடைப்பம்னு?"

"ஐயையோ, நான் எதுக்கு உங்கள அப்படிச் சொல்லப் போறேன்?" அவருக்கு நிஜமாகவே சங்கடமாகிவிட்டது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

எதிர்வரிசையில் ஒருவர் 'முடிச்சாச்சு' என்றார். தலையைத் தூக்கி, புது ஆளைப் பார்ப்பதுபோல் இவனைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அதற்கடுத்து ஜன்னலோரத்துப் பெண். அவளும் பார்த்தாள், குனிந்தாள். ஒவ்வொரு 'முடிச்சாச்சு'வுக்கும் ஒரு தலை எழுந்து தாழ்ந்தது. அவன் போனை எடுத்துப் படங்களைத் திறந்தான். மூன்று ரசீதுகள், ஒரு பஸ் நேர அட்டவணை. வேறு ஒன்றும் இல்லை.

போனில் மனைவி என்று ஒரு பெயரே இல்லை. எண் மனப்பாடம். அடித்தான்.

"ஹலோ, சொல்லுங்க சார்," என்றாள் அவள்.

கல்யாணமான பிறகு அவள் வாயிலிருந்து அந்த 'சார்' வந்ததே இல்லை.

"ஏய், நான்தான்..."

"தெரியுது சார், ஆபீஸ் நம்பர் லிஸ்ட்ல இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே பழசை அழிச்சிட்டுப் புதுசு எடுத்துட்டேன். ஏதாவது தப்பா சார்?"

"குட்டிப்பயல் எங்க?"

"யாரு சார்?"

அவள் போன் பேசினால் பின்னால் எப்போதும் ஏதாவது உருளும், விழும், அழும். இப்போது ஒரு சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் மட்டும் கேட்டது. அவர்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் இல்லை. அது அவள் அம்மா வீட்டில் மாட்டியிருப்பது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

அவன் போனை வைத்தான். பையைக்கூட எடுக்காமல் ஓடினான். லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினான். அன்றைக்குப் பார்த்து பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் சில்லறைக்குத் தடவினார்கள். அவனுக்கு வந்த ஆத்திரத்தில் ஒவ்வொருவர் தலையிலும் கொட்டியிருப்பான். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான் ஓடியது. எடுத்து வைக்கச் சொன்னாளே, ஒரு காப்பி, ஒரே ஒரு காப்பி. இரண்டு நிமிஷ வேலை.

மூன்றாவது மாடி. சாவி பொருந்தியது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவன் இருந்த வீடு அது. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வெற்று வீட்டின் வாடை வந்தது. கூடத்தில் ஒரே நாற்காலி. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. பாப்பாவின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் கதவு நிலையில் இல்லை. தரை துடைத்துவிட்டாற்போல இருந்தது. ஒரு பொம்மை காலில் தட்டவில்லை. அவன் ஆசைப்பட்ட சுத்தம் முழுசாக வந்து உட்கார்ந்திருந்தது. பார்க்கப் பார்க்க அவனுக்குக் குமட்டியது.

அப்போது படுக்கையறைக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஜன்னலடியில் குட்டை மேஜை இருந்தது. மேஜைமேல் பழைய லேப்டாப். அதன் எதிரே பாப்பா உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளைச் சுற்றி இரண்டு கை அகலத்துக்கு மட்டும் எல்லாம் இருந்தது. தரையில் அவளுடைய பாய், சுவரில் அவள் ஒட்டிய நட்சத்திரம், ஜன்னலின் பாதியில் மனைவி வாங்கிய மஞ்சள் திரை. திரை பாதியில் நின்றது. கத்தரித்த மாதிரி இல்லை. அதற்கு மேல் திரை இருந்ததே இல்லை என்பது மாதிரி.

"அப்பா! அம்மா எங்க போனாங்க?"

அவன் அவளை வாரி அணைத்தான். அணைத்த பிறகுதான் கை சொன்னது, பாரம் குறைவு என்று. தள்ளிப் பிடித்துப் பார்த்தான். பொத்தான் வைத்த நீலச் சட்டை, சின்னதாகிவிட்டது என்று எப்போதோ எடுத்துவைத்தது, இப்போது அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. பல் எல்லாம் இருந்தது. கீழ்வரிசை முன்பல்லும் இருந்தது.

"பாப்பா, தம்பி எங்கடா?"

"எந்தத் தம்பி?" என்றாள் அவள். நாலு வயதுக் குரல்.

அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, புரியாமலிருந்திருந்தால் தேவலை. மனைவிக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆபீஸ் புது லேப்டாப் கொடுத்தது. பழையதைப் பாப்பாவிடம் கொடுத்தார்கள். கண்டதையும் பார்க்கக் கூடாதென்று இணையத்தைத் துண்டித்துக் கொடுத்தார்கள். அழித்துவிடுகிறேன் என்று இவன் துடியாய்த் துடித்தபோதும், அதில் இருந்த தன் நகலை அவள் அழிக்கவிடவில்லை. 'அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கட்டும், உங்களுக்கு என்ன இப்ப?' என்றாள். அந்த நகல் அன்றைய தேதியோடு நின்றுபோயிருந்தது. அதில் பாப்பா இருந்தாள். அதற்குப் பிறகு எழுதியது எதுவும் இல்லை. குட்டிப்பயல் இல்லவே இல்லை.

போனிலிருந்து இணையம் கொடுத்தான். இரண்டே கட்டளைகள், இரண்டும் ஆங்கிலத்தில் நாலெழுத்து. ஒன்றைத் தட்டினால் சர்வரில் இருக்கிற வெறுமை இதற்குள் இறங்கும், பாப்பாவும் போய்விடுவாள். மற்றதைத் தட்டினால் இதில் இருப்பது சர்வருக்கு ஏறும். எழுத்தை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான். நாலு தடவை படித்தான். பாப்பா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, என் படம் அழிஞ்சிடுமா?" என்றாள்.

"அழியாதுடா. எதுவும் அழியாது," என்று சொல்லிவிட்டுத் தட்டினான். ஏறியது.

மறுபடி மனைவிக்குப் போன்.

"மேடம்," என்றான். "ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. இப்ப எடுத்ததை அழிச்சிட்டு, மறுபடியும் ஒரு தடவை எடுக்கணும்."

"இப்பதானே சார் எடுத்தேன்." குரலில் லேசான சலிப்பு. "சரி, இருங்க."

விசைகள் தட்டும் ஓசை. கடிகாரத்தின் டிக் டிக். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் தட்டுவது நின்றது.

"ஏங்க," என்றாள். "பாப்பாவுக்குப் பால் குடுத்தீங்களா? நான் எதுக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன்னே தெரியலங்க. தலை ஒரு மாதிரி சுத்துது. இதோ வந்துடறேன்."

அவன் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். பக்கத்தில் மஞ்சள் திரை முழு ஜன்னலுக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்தில் அவள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள், பாப்பாவின் தலையைக் கோதினாள், சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். எல்லாம் பழையபடி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய பழையபடி. குட்டிப்பயலைப் பற்றிக் கேட்டபோது அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் எதுவும் இல்லையே," என்றாள்.

அவனுக்கு மட்டும் ஏன் மறக்கவில்லை? தெரியாது. அழித்தவன் அவன் என்பதாலோ, எல்லோரையும் அழிக்கச் சொன்னவன் தன் மனதை மட்டும் அழிக்காமல் விட்டான் என்பதாலோ. எப்படியோ, குட்டிப்பயல் என்று ஒருவன் இருந்ததற்கு உலகத்திலேயே ஒரே நகல் இவன் தலைக்குள் இருந்தது. அந்தத் தலையைப் பற்றி மனைவி காலையில் சொன்னதுதான் நமக்குத் தெரியுமே.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். நிரலில் ஒரு எழுத்தும் மாற்றாமல், வெறும் குறிப்பை மட்டும் கமிட்டாகப் பதிக்க முடியும். தேதியையும் நாமே போட்டுக்கொள்ளலாம். இரண்டு வருடத்தில் இருநூறு கமிட்டாவது எழுதியிருப்பான். நினைவுக்கு வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் 'பாப்பா பள்ளிக்கூடம் போனாள்' என்று அந்தத் தேதி போட்டு எழுதினான். பிறகு 'பாப்பாவுக்கு இன்று ஆறு வயது.' திரும்பிப் பார்த்தான். பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தவளின் சட்டைப் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன. மணிக்கட்டு சட்டைக்கைக்கு வெளியே நீண்டிருந்தது. அவள் எதையும் கவனிக்காமல் காகிதத்தில் மரம் ஒன்று வரைந்துகொண்டிருந்தாள்.

'பாப்பாவுக்கு முன்பல் விழுந்தது,' என்று எழுதினான்.

"அப்பா, இங்க பாருங்களேன்!" உள்ளங்கையில் பல்லோடு ஓடி வந்தாள். வாயைத் திறந்து காட்டினாள். ஓட்டை மேல்வரிசையில் இருந்தது.

விழுந்தது கீழ்ப்பல். அவன் எழுதியது வெறும் முன்பல். எழுதியதுதான் வந்திருக்கிறது, நடந்தது வரவில்லை.

அதற்கு மேல் ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்து யோசித்து எழுதினான். 'டாக்டர் உறுதி செய்தார், இரண்டாவது.' சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி அறை வாசலுக்கு வந்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. "ஏங்க, எனக்கு என்னமோ பண்ணுது," என்றாள். அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பாதியில் நின்றுவிடுமோ என்று பயம், அந்தத் திரை மாதிரி. 'ஸ்கேன், நல்ல துடிப்பு.' 'பையன் பிறந்தான், காலை பத்தேகால், மூன்று கிலோ நூறு கிராம், இரண்டு கை, இரண்டு கால், பத்தும் பத்தும் விரல், எல்லாம் நன்றாக இருக்கிறது.' கூடத்தில் வீறிட்டு ஓர் அழுகை எழுந்தது. மனைவி ஒன்றுமே நடக்காத மாதிரி, "எழுந்துட்டான் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள்.

'குப்புற விழுந்தான்.' 'தவழ்ந்தான்.' 'கீழே இரண்டு பல் முளைத்தது.' 'கட்டிலைப் பிடித்து நின்றான்.' 'அம்மாவைக் கண்டால் கையை நீட்டுகிறான், என்னைக் கண்டாலும்.'

அவ்வளவுதான் வந்தது. ஏற்றினான். குட்டிப்பயல் அவனைப் பார்த்துக் கையை நீட்டினான். வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். மூன்று கிலோ நூறு கிராமில் ஆரம்பித்த அதே பாரம், அதே பால் வாசனை. அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஆபீசில் எல்லோரையும் மறுபடி எடுக்கவைத்தான். "என்னய்யா துடைப்பம், நேத்து பெருக்கினதை இன்னைக்குத் திருப்பிக் கொட்டறே?" என்று சோடாபுட்டி எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கினார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மேனேஜரிடம், இந்தக் கிளையில் யாராவது கை வைத்தால் வேலையை விட்டுவிடுவேன் என்றான். மூலத்தைத் தனியாக வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவரும் ஒருவழியாக இறங்கி வந்தார். அன்றைக்கே ஆறு நகல் எடுத்தான். ஆபீசில் இரண்டு, வீட்டில் மூன்று, மாமியார் வீட்டுப் பரணில் ஒன்று. மேஜையில் காகிதங்கள் குவிந்தன. அவன் எதையும் தூக்கிப் போடவில்லை.

மூன்று வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி குட்டிப்பயலை மடியில் போட்டுக்கொண்டு கிலுகிலுப்பையை ஆட்டினாள். பிள்ளை அதைக் கூர்ந்து பார்த்தான். கையை நீட்டினான். வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான்.

"ஏங்க, எனக்கு பயமா இருக்கு," என்றாள். "ஒன்பது மாசம் ஆகப்போகுது. இவன் ஒரு தடவகூடச் சிரிச்சதில்லையே."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒரு குறையும் இல்லையாம். காது நல்லா கேக்குது, கண்ணு நல்லா தெரியுது. தானா சிரிப்பான்கிறாரு. எப்பங்க சிரிப்பான்?"

அவனுக்குச் சுருக்கென்றது. சிரித்தானே! அந்த வியாழக்கிழமை காலையில்கூட முதுகுக்குப் பின்னால் கெக்கெக்கே என்று சிரித்தானே. முதல் தடவை சிரித்த நாளும் மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. ஆபீசில் ஏதோ தலைபோகிற வேலை. அவள் போன் செய்தாள். 'குட்டிப்பய சிரிச்சிட்டாங்க! எதுக்குச் சிரிச்சான்னு சொன்னா நம்பமாட்டீங்க...' என்று ஆரம்பித்து, மூச்சு முட்டச் சிரித்துச் சிரித்து இரண்டு நிமிஷம் சொன்னாள். அன்றைய கமிட்டில் அதை எழுதியும் இருந்தான். என்ன எழுதினான்?

"நீயே சொல்லேன், அவன் எதுக்கு முதல்ல சிரிச்சான்?" என்று கேட்டுப் பார்த்தான்.

"என்ன பேச்சுங்க இது? அவன்தான் சிரிச்சதே இல்லையே." அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

எழுந்து லேப்டாப்புக்குப் போனான். தேதி உத்தேசமாகத்தான் தெரிந்தது, போட்டான். 'குட்டிப்பயல் இன்று சிரித்தான்.' காரணம் எழுத வேண்டிய இடத்தில் விரல் நின்றது. கால்மணி நேரம் நின்றது. கூடத்தில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்படியே சேமித்து ஏற்றினான்.

கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கெக்கெக்கே என்று, கொப்பளித்துக்கொண்டு, அதே சிரிப்பு. "ஏங்க, ஓடி வாங்க! சிரிக்கிறாங்க, சிரிக்கிறாங்க!" என்று அவள் கத்தினாள். பாப்பா கைதட்டினாள். அவன் ஓடினான்.

குட்டிப்பயல் அம்மாவைப் பார்க்கவில்லை. கிலுகிலுப்பையைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து கழுத்தை முழுக்கத் திருப்பி, அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அவன் அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தான். பாப்பா கைதட்டுவதை நிறுத்திவிட்டு அம்மாவோடு ஒட்டிக்கொண்டாள்.

"எதப் பாத்துங்க சிரிக்கிறான்?" என்றாள் மனைவி. குரல் இறங்கிவிட்டது. "அங்க ஒண்ணுமே இல்லையே."

அவன் திரும்பப் போய் விசைப்பலகையில் கையை வைத்தான். காரணம் என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். அவள் அன்று போனில் இரண்டு நிமிஷம் சொன்னதுதான் அது. கண்ணை இறுக மூடி யோசித்தான். அவள் குரல் நினைவுக்கு வந்தது, அவள் சிரித்தது நினைவுக்கு வந்தது, கடைசியில் அவன் 'ம்' என்று சொன்னது நினைவுக்கு வந்தது. கூடத்தில் பிள்ளை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.